ரீபில்ட் பண்ணியும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுதா? மறுபடி இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

"கியர்பாக்ஸை இறக்கி, பிரிச்சு, எல்லாம் புதுசா போட்டாச்சு. இனி கவலையே இல்ல" என்று சொல்லி மெக்கானிக் சாவியைக் கொடுக்கிறார். லட்சத்தைத் தொடும் பில்லையும் கட்டியாச்சு. விழுப்புரத்தில் இருந்து கிளம்பி முகையூர் வந்து சேர்வதற்குள் வண்டி உதறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் ரேஸ் ஆகிறது, வேகம் ஏறவில்லை. போன் போட்டால் வரும் பதில்: "கொண்டு வாங்க சார், மறுபடி இறக்கிப் பார்த்துடலாம்."

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரீபில்ட் செய்த கியர்பாக்ஸ் உடனே தகராறு செய்தால், உள்ளே போட்ட பாகம்தான் சரியில்லை என்று அர்த்தமில்லை. ஆயில் அளவு, கூலர், வயரிங், கம்ப்யூட்டர் என வெளியில் இருக்கும் விஷயங்களே காரணமாக இருக்கலாம். இவற்றைக் கியர்பாக்ஸை இறக்காமலேயே பார்த்துவிடலாம். எந்த வரிசையில் பார்க்க வேண்டும், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும், ஏமாற்றப்பட்டால் எங்கே போக வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை இந்த மாவட்டம் மறந்திருக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடி, போக்குவரத்து நின்றுபோனது.

வெள்ளத்தில் நின்ற கார்களில் பலரும் கவலைப்படுவது என்ஜினைப் பற்றி மட்டும்தான். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் தண்ணீர் எமன். கியர்பாக்ஸ் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற, மேல்பக்கத்தில் 'ப்ரீதர்' என்ற சின்னத் துளை இருக்கும். சூடான கியர்பாக்ஸ் வெள்ளத்தில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே போன தண்ணீர் ஆயிலோடு கலக்கும். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு ஊறி, பிடிமானம் விட்டுப்போகும். இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். இது ஒரே நாளில் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடிய பிறகே வண்டி 'இழுக்கல' என்று தெரியவரும். அதன்பிறகு ரீபில்ட். பிரச்னை திரும்ப வந்தால், மறுபடியும் அதே செலவு.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1940 மாடல் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' கியர்பாக்ஸைக் கொடுத்தது. பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதுதான். இன்றைய கியர்பாக்ஸ்கள் எவ்வளவோ மாறிவிட்டாலும், ஆயில் அழுத்தத்தால் கியர் மாற்றும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டிகளில் இருப்பது 'டார்க் கன்வெர்ட்டர்' வகை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் நிரம்பிய வட்டமான பாத்திரம் போல ஒன்று இருக்கும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். என்ஜின் சுற்றும்போது உள்ளே ஆயில் சுழன்று கியர்பாக்ஸையும் சுற்ற வைக்கும். அதன் பின்னால் ஆயில் பம்ப், கிளட்ச் பிளேட் அடுக்குகள், கியர் செட்கள். எந்த கிளட்சுக்கு எப்போது ஆயில் போக வேண்டும் என்பதை 'வால்வ் பாடி' என்ற பாகமும் அதில் உள்ள சோலினாய்டுகளும் பார்த்துக்கொள்ளும். இவற்றுக்கு உத்தரவு போடுவது ஒரு கம்ப்யூட்டர். அதை டி.சி.யு. என்பார்கள்.

ஆக, இந்த கியர்பாக்ஸில் ஆயில் என்பது வெறும் மசகு கிடையாது. கியரை மாற்றும் 'கை'யே அதுதான். ஆயில் குறைந்தாலோ, கெட்டாலோ, வேறு ரகமாக இருந்தாலோ எல்லாமே கெடும்.

ரீபில்ட் என்றால் எதையெல்லாம் மாற்றுவார்கள்?

பொதுவாக கிளட்ச் பிளேட்கள், ஆயில் சீல்கள், ஓ-ரிங்குகள், கேஸ்கெட்கள், ஃபில்டர் ஆகியவை மாறும். தேய்மானம் இருந்தால் புஷ், பேரிங்கும் மாறும்.

பில்லைக் குறைக்க விட்டுவிடப்படும் பாகங்களும் உண்டு. அதில் முதலிடம் டார்க் கன்வெர்ட்டருக்கு. அது முழுக்க வெல்டிங் செய்து மூடப்பட்ட பாகம். உள்ளே தங்கிய இரும்புத் தூளையும் தண்ணீரையும் வெளியில் இருந்து முழுசாகக் கழுவ முடியாது. வெட்டித் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அடுத்தது வால்வ் பாடி. மூன்றாவது ஆயில் கூலர். பழைய கியர்பாக்ஸில் இருந்து வந்த குப்பை இந்த மூன்றிலும் தங்கியிருந்தால், புதுசாகப் போட்ட கிளட்ச் பிளேட்டுக்கும் அதே கதிதான்.

எனவே பில்லில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "மாத்தல சார், நல்லாதான் இருந்துச்சு" என்றால், நல்லா இருந்ததை எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

வண்டி என்ன சொல்கிறது?

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் ஒரு பேப்பரில் எழுதுங்கள்: எப்போது வருகிறது? காலையில் குளிர்ந்திருக்கும்போதா, நன்றாக ஓடிச் சூடான பிறகா? எந்த கியரில்? முன்னால் போகும்போதா, ரிவர்ஸிலா? வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. "ஏதோ சரியில்ல" என்று சொல்வதைவிட இந்த நாலு வரி மெக்கானிக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சில பொதுவான அறிகுறிகளும், சந்தேகப்பட வேண்டிய இடங்களும்:

* 'டி' அல்லது 'ஆர்' போட்டதும் 3, 4 விநாடி கழித்தே வண்டி நகர்கிறது: ஆயில் குறைவு, ஃபில்டர் சரியாக உட்காராதது, உள் சீல் கசிவு.

* காலையில் மோசம், சூடானதும் பரவாயில்லை: ஆயில் குறைவாக இருக்கலாம். சூட்டில் ஆயில் விரிவதால் தற்காலிகமாகச் சரியானது போலத் தெரியும். வால்வ் சிக்கிக்கொள்வதும் காரணமாகலாம்.

* காலையில் நன்று, சூடானதும் வழுக்கல்: சூட்டில் ஆயில் இளகி, சீல் வழியே அழுத்தம் கசிகிறது. கூலர் அடைப்பும் இருக்கலாம்.

* ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது கரடுமுரடான ரோட்டில் ஓடுவது போல உதறல்: டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச், அல்லது தவறான ஆயில்.

* ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாறவே மாட்டேன் என்கிறது: கம்ப்யூட்டர் கோளாறைக் கண்டுபிடித்து, கியர்பாக்ஸைக் காப்பாற்ற வண்டியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டு போயிருக்கிறது. 'லிம்ப் மோட்' என்பார்கள். பெரும்பாலும் மின்சாரம், சென்சார் பக்கம் பார்க்க வேண்டும்.

* ரீபில்ட் முடிந்து ஸ்டார்ட் செய்த முதல் நிமிடமே 'ஙொய்' என்ற இரைச்சல்: டார்க் கன்வெர்ட்டரை முழுசாக உள்ளே உட்கார வைக்காமல் போல்ட் போட்டு இழுத்திருந்தால் ஆயில் பம்ப் உடையும். இந்தச் சத்தம் வந்தால் ஓட்டவே கூடாது.

இன்னொன்று. உதறல் எல்லாமே கியர்பாக்ஸ் உதறல் அல்ல. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் சரியில்லாமல் என்ஜின் 'மிஸ்' அடித்தாலும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது என்ஜின் மவுண்ட் போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால், கியர் போடும்போது 'டொம்' என்று இடிக்கும். இரண்டுமே சில நிமிடங்களில் பார்த்துவிடக் கூடியவை.

படி 1: ஆயில்

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

ரீபில்ட் செய்யும்போது டார்க் கன்வெர்ட்டர் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆயில் ஊற்றி, என்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் அது நிரம்பும். அப்போது மட்டம் சட்டென்று இறங்கும். அதைக் கவனித்து மறுபடி ஊற்றாவிட்டால், வண்டி குறைந்த ஆயிலோடு வெளியே வந்துவிடும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். கிளட்ச் வழுக்கும்.

அதிகமாக ஊற்றினாலும் ஆபத்துதான். சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரை ஆக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. விளைவு அதே வழுக்கல்.

இன்றைய பல கார்களில் கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. அளவு பார்க்கும் முறை பெரும்பாலும் இப்படி இருக்கும்: வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும். என்ஜின் ஓட வேண்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு கியராகப் போட்டுச் சில விநாடி நிறுத்தி, மறுபடி 'பி'க்குக் கொண்டு வர வேண்டும். ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை கம்பெனி சொன்ன அளவுக்கு வந்ததும், அடியில் உள்ள பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. சில கம்பெனிகள் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லும். அதனால் அந்த மாடலுக்கான முறை எது என்பது முக்கியம். வெப்பநிலை பார்க்காமல் "கண் அளவு" என்று ஊற்றியிருந்தால், முதல் சந்தேகம் அங்கேதான்.

அடுத்து ரகம். ஆட்டோமேட்டிக்குக்கு 'பொதுவான ஆயில்' என்று ஒன்று கிடையாது. டார்க் கன்வெர்ட்டருக்கான ஆயிலை சி.வி.டி.யில் ஊற்றினால் அதன் பெல்ட் வழுக்கும். காலி டின்னைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது நிறமும் வாசனையும். பெரும்பாலான ரகங்களில் புது ஆயில் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கருத்து, கருகல் வாசனை வந்தால் கிளட்ச் எரிகிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது!

இந்த ரோஸ் மில்க் விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். தண்ணீர் வெள்ளத்தில் இருந்துதான் வர வேண்டும் என்றில்லை. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர், ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். நடுவில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் நேராக கியர்பாக்ஸுக்குள் போகும். கியர்பாக்ஸை மட்டும் ரீபில்ட் செய்து, ஓட்டை விழுந்த ரேடியேட்டரை அப்படியே விட்டால் அது மறுபடி கெடாமல் என்ன செய்யும்?

படி 2: கூலர்

பழைய கியர்பாக்ஸில் தேய்ந்த துகள்கள் எல்லாம் ஆயிலோடு ஓடிப்போய் கூலரின் மெல்லிய குழாய்களில் தங்கும். அதைக் கழுவாமல் புது கியர்பாக்ஸை மாட்டினால், அந்தக் குப்பை திரும்பி வந்து வால்வையும் சோலினாய்டையும் அடைக்கும். கூலரே அடைத்திருந்தால் ஆயில் குளிராது.

"ஃப்ளஷ் பண்ணீங்களா?" என்று கேட்டால் மட்டும் போதாது. கூலரில் இருந்து திரும்பும் குழாயில் ஆயில் தடையில்லாமல் வருகிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் உள்ளே மோசமாக உடைந்திருந்தால், கழுவுவதைவிடக் கூலரை மாற்றுவதே நல்லது.

படி 3: பேட்டரி, வயரிங்

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சீரான மின்சாரம் தேவை. என்ஜின் ஆஃபில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். இது குறைந்தால் சோலினாய்டுகள் ஒழுங்காக வேலை செய்யாது, கியர் கண்டபடி மாறும்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது எர்த் வயரை மாட்ட மறப்பது, கனெக்டர் பின் வளைவது, வயர் நசுங்குவது எல்லாம் நடக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கனெக்டர்களைக் கழற்றி உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரிக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் களிம்பு ஒன்றே லிம்ப் மோடுக்குப் போதும். கான்டாக்ட் கிளீனரில் முடிய வேண்டிய வேலைக்கு யாராவது கியர்பாக்ஸை இறக்குவார்களா?

படி 4: ஸ்கேனர்

செல்போனோடு இணைக்கும் விலை குறைந்த ஸ்கேனர்கள் பல என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் 'பி0700' என்று வந்தால் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்று மட்டும்தான் அர்த்தம். என்ன கோளாறு என்று அது சொல்லாது. டி.சி.யு.வைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

அங்கே 'பி0715' வந்தால் இன்புட் வேக சென்சார் அல்லது அதன் வயரிங். 'பி0741' வந்தால் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் ஆகவில்லை. 'பி0730' வந்தால் போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் பொருந்தவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. கோடு என்பது தீர்ப்பு அல்ல, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மரம். சென்சார் கோடு வந்தால் சென்சாரை மாற்றும் முன் வயரைப் பார்ப்பதே சரியான வரிசை.

முக்கியமாக, கோடுகளை அழிக்கும் முன் ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

படி 5: கம்ப்யூட்டருக்குப் புதுசைப் பழக்கினார்களா?

பலரும் தவறவிடும் இடம் இது. கிளட்ச் பிளேட் தேயத் தேய, எவ்வளவு ஆயில், எத்தனை நேரம் அனுப்ப வேண்டும் என்று டி.சி.யு. கற்றுக்கொண்டே வரும். அந்தக் கணக்கெல்லாம் தேய்ந்த பழைய பிளேட்டுக்கானது. புது பிளேட் போட்ட பிறகும் பழைய கணக்குப்படியே ஆயிலை அனுப்பினால் 'டக்', 'டக்' என்று இடிக்காமல் என்ன செய்யும்?

ஸ்கேனர் மூலம் பழைய கணக்கை அழித்து, குறிப்பிட்ட முறையில் ஓட்டிப் புதுசாகப் பழக்க வேண்டும். இதை 'அடாப்டேஷன் ரீசெட்' என்பார்கள். சில வண்டிகளில் வால்வ் பாடியை மாற்றினால் அதற்கான கோடு எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ரீபில்டுக்குப் பிறகு வரும் இடிப்புகள் பல இந்த ஒரு வேலையிலேயே அடங்கிவிடும்.

படி 6: பிரஷர் டெஸ்ட், பிறகே இறக்குதல்

இவ்வளவும் சரியாக இருந்தும் வழுக்கினால், கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். எல்லா கியரிலும் அழுத்தம் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர், பிரஷர் கன்ட்ரோல் சோலினாய்டு பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கியரில் மட்டும் குறைவு என்றால் அந்த கிளட்சின் சீல் அல்லது வால்வ். அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட்டே போயிருக்கிறது.

அடியில் உள்ள ஆயில் பேனைத் திறந்து பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். மின்னும் உலோகச் சில்லுகளோ, கறுப்புத் துணுக்குகளோ கொத்தாக இருந்தால் மட்டும்தான் 'இறக்கணும்' என்ற பேச்சுக்கு இடம்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

* பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்து 'பவர் இருக்கா' என்று நீங்களே சோதிப்பது. சில விநாடிகளிலேயே ஆயில் கடுமையாகச் சூடேறும். வண்டி பாய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

* வழுக்கும் வண்டியை "எப்படியாவது சென்னை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நெடுஞ்சாலையில் ஏற்றுவது. முகையூர் பக்கத்தில் இருந்து சென்னை 150 கி.மீ.க்கும் மேல். மிச்சம் இருக்கும் பிளேட்டும் வழியிலேயே எரிந்துவிடும்.

* கயிறு கட்டி இழுப்பது. என்ஜின் ஓடாவிட்டால் பல வண்டிகளில் ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் இல்லாமல் தேயும். ஓட்டும் சக்கரங்கள் தரையில் படாமல், முழு வண்டியையும் தூக்கி வைக்கும் ரெக்கவரி வண்டியில்தான் கொண்டு போக வேண்டும்.

ஏ.எம்.டி., டி.சி.டி., சி.வி.டி. வண்டிகளுக்கும் இதே கதையா?

இல்லை. 2014-ல் மாருதி செலிரியோ மூலம் பரவலான ஏ.எம்.டி., உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரக் கை செய்கிறது. அங்கே கிளட்ச் செட் மாற்றியதும் ஸ்கேனரில் 'கிளட்ச் லேர்னிங்' செய்தார்களா என்பதே முதல் கேள்வி. இரட்டை கிளட்ச் கொண்ட டி.சி.டி.யிலும் இந்தப் பழக்கும் வேலை அவசியம். சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லை, பெல்ட்டும் கப்பியும்தான். ஆயில் ரகம் பிசகினால் அது மன்னிக்காது.

"உங்களுக்கு ஓட்டத் தெரியல சார்!"

பிரச்னையோடு திரும்பிப் போகும்போது பலர் கேட்கும் வசனம் இது. இதற்கு வெளிநாட்டில் ஒரு கம்பெனி பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஃபோர்டின் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுவதாக ஆஸ்திரேலியாவில் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வாடிக்கையாளர்கள் புகார் செய்தனர். 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை அந்தப் புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018-ல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பலருக்கும் அதே பிரச்னை வந்தது தெரிந்திருந்தும், 'நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்' என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதும் அந்த வழக்கில் வெளிவந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எழுதி வைத்த அறிகுறி, வீடியோ, ஸ்கேன் பிரின்ட் கையில் இருந்தால் 'ஓட்டத் தெரியல' என்ற பேச்சு எடுபடாது.

பில் இல்லாமல் வேலை வேண்டாம்

"பில் போட்டா ஜி.எஸ்.டி. ஆகும், வேண்டாம்ல?" என்ற சலுகைக்கு மயங்கினால் பிறகு பிடிமானம் இருக்காது. பில் தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் இவை இருக்க வேண்டும்: மாற்றிய பாகங்கள், மாற்றாமல் விட்டவை, ஊற்றிய ஆயிலின் பெயரும் லிட்டரும், கூலர் ஃப்ளஷ், அடாப்டேஷன் ரீசெட், வாரண்டி எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர், திரும்ப இறக்கினால் கூலி யாருடையது. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கலாம்.

வாரண்டி ஓடும்போது வேறு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸைப் பிரித்துவிடாதீர்கள். "நாங்க போட்டதை அவங்க கெடுத்துட்டாங்க" என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். பிரிக்காமல் ஸ்கேன், ஆயில், பிரஷர் சோதனை மட்டும் செய்து, எழுத்தில் அறிக்கை வாங்கலாம்.

பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பலருக்கும் தெரியாத ஒரு வசதி இதில் இருக்கிறது. வேலை செய்தது சென்னை ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். முகையூர்க்காரர் விழுப்புரத்தில் போட்டால் போதும், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்னை வந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி

ரீபில்ட் என்பது உடைந்ததை மாற்றுவது. ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. வெள்ளத் தண்ணீரா, ஓட்டை ரேடியேட்டரா, அடைத்த கூலரா, தவறான ஆயிலா என்று தெரியாமல் எத்தனை முறை இறக்கினாலும் பணம்தான் போகும்.

அதனால் "எப்ப ரெடி ஆகும்? எவ்வளவு ஆகும்?" என்பதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணே, முதல் தடவை இது ஏன் போச்சு?" அதற்குத் தெளிவான பதில் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.